டைமிங் லைட்டும் லேப்டாப்பும் ஒரே எண்ணைக் காட்டின, பிஸ்டன் உடைந்தது: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

வண்டி பழைய நாலு சிலிண்டர் பெட்ரோல் கார். 1.8 லிட்டர், டர்போ கிடையாது, சிலிண்டருக்கு இரண்டு வால்வு, சிலிண்டரின் உள்விட்டம் (போர்) 83 மில்லிமீட்டர், கம்ப்ரஷன் 9.5-க்கு 1. கார்புரேட்டரும் டிஸ்ட்ரிபியூட்டரும் இருந்த இன்ஜினில் அதன் உரிமையாளர் இரண்டையும் கழற்றிவிட்டு, ஃபியூயல் இன்ஜெக்‌ஷன், இரட்டை முனை காயில் பேக், மெகாஸ்குவர்ட் இசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினிப் பெட்டி) எல்லாம் தானே மாட்டி, வயரிங்கையும் தானே இழுத்து முடித்திருந்தார். வேலை சுத்தமாக இருந்தது. டியூனிங் மட்டும் என்னிடம் வந்தது. மென்பொருள் டியூனர்ஸ்டுடியோ.

டிஸ்ட்ரிபியூட்டர் இருந்த காலத்தில் ஸ்பார்க் எப்போது விழ வேண்டும் என்பதை உள்ளே சுழலும் எடைகளும் வாக்குவம் டயாபிரமும் பார்த்துக்கொள்ளும். அவற்றை எடுத்துவிட்டால் அந்த வேலை மென்பொருளில் உள்ள ஒரு அட்டவணைக்கு வந்துவிடுகிறது. ஒரு பக்கம் ஆர்பிஎம், இன்னொரு பக்கம் இன்டேக் மேனிஃபோல்டில் உள்ள அழுத்தம், ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு டிகிரி. பிஸ்டன் ஏறி நிற்கும் உச்சிப் புள்ளியைப் பட்டறையில் டிடிசி என்போம். அதற்கு எத்தனை டிகிரி முன்னால் ஸ்பார்க் விழ வேண்டும் என்பதுதான் அந்த எண்.

ஆனால் இசியூவுக்கு பிஸ்டன் எங்கே இருக்கிறது என்று நேரடியாகத் தெரியாது. பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க்கோடு சேர்ந்து சுழலும் ஒரு பல் சக்கரத்தை சென்சார் வழியாக எண்ணித்தான் அது தெரிந்துகொள்கிறது. இந்த வண்டியில் 36 பல் இடமுள்ள சக்கரம், அதில் ஒரு பல் இல்லை. பல்லுக்குப் பல் 10 டிகிரி. இல்லாத பல்லின் இடைவெளி சென்சாரைத் தாண்டியதும் இசியூ எண்ண ஆரம்பிக்கும், அங்கிருந்து டிடிசி எத்தனை டிகிரி தள்ளி இருக்கிறது என்பதை நாம்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும். அதற்குப் பெயர் டூத் 1 ஆங்கிள். அந்த ஒரு எண் தப்பினால் அட்டவணையில் உள்ள அத்தனை எண்ணும் அதே அளவுக்குத் தப்பும்.

இந்த ஆய்வின் மையமான விஷயம் ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்தப் பல் சக்கரம் கிராங்க் புல்லியின் வெளி வளையத்தில் நாலு போல்ட் போட்டு மாட்டப்பட்டிருந்தது. இந்த இன்ஜினின் புல்லி ஒரே இரும்பு கிடையாது. கிராங்க்கில் சாவி போட்டு உட்காரும் நடுப்பகுதி ஒன்று, பெல்ட் ஓடும் வெளி வளையம் ஒன்று, இரண்டுக்கும் நடுவே கிராங்க்கின் முறுக்கதிர்வை வாங்கிக்கொள்ள ஒட்டப்பட்ட ரப்பர். வளையத்தில் சக்கரம் மாட்டுவது சுலபம், இடம் நிறைய இருக்கும், பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். நானும் பார்த்தேன், ரப்பர் நல்ல நிலையில் இருக்கிறதா என்று கூடக் கேட்காமல் விட்டுவிட்டேன்.

முதல் டியூனிங்

முதல் நாள் வழக்கமான வரிசையில்தான் போனேன். மென்பொருளில் டைமிங்கை அட்டவணையிலிருந்து எடுக்காமல் நிலையாக 10 டிகிரி என்று பூட்டி, ஒவ்வொரு ஸ்பார்க்குக்கும் ஒரு தடவை மின்னும் டைமிங் லைட்டைப் பிடித்து, புல்லியின் குறியில் 10 தெரியும் வரை டூத் 1 ஆங்கிளை நகர்த்தினேன். இந்த மாதிரி காயில் பேக்கில் ஒரே பிளக்குக்கு ஒரு சுற்றுக்கு ஒரு தடவை வீதம், அதாவது எக்ஸாஸ்ட் ஸ்ட்ரோக்கிலும், ஸ்பார்க் வரும். அதனால் டிகிரியைப் பின்னுக்குத் திருப்பிக் காட்டும் டயல் உள்ள லைட்டுகள் பல இரண்டு மடங்கு கணக்கைக் காட்டிவிடும். டயலைச் சைபரில் வைத்துவிட்டுப் புல்லியில் உள்ள கோட்டை மட்டும் நம்புவதுதான் சரி, அப்படித்தான் செய்தேன். 3500 ஆர்பிஎம் வரை ஏற்றியும் குறி நகரவில்லை. சென்சாரின் இரண்டு வயர் மாறிப் போயிருந்தால் ஆர்பிஎம் ஏற ஏறக் குறி நழுவும், அந்தப் பிரச்சினையும் இல்லை.

அப்புறம் டைனோ, அதாவது வண்டியை நிறுத்தி வைத்தே இன்ஜினின் இழுவையை அளக்கும் இயந்திரம். இங்கே கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். ஸ்பார்க் விழுந்த உடனே கலவை முழுக்க எரிந்துவிடாது, சில மில்லி விநாடி பிடிக்கும். அந்த எரிப்பின் உச்ச அழுத்தம் டிடிசி தாண்டி சுமார் 15 டிகிரியில் வந்தால்தான் பிஸ்டனை அமுக்கும் வேலை முழுதாகக் கிடைக்கும். முன்கூட்டியே வந்தால் ஏறிக்கொண்டிருக்கும் பிஸ்டனையே எதிர்த்து அமுக்கும், இன்னும் எரியாமல் ஓரத்தில் மிச்சமிருக்கும் கலவை நசுங்கிச் சூடாகித் தானாக வெடிக்கும். அதுதான் நாக்கிங். ஒரு குறிப்பிட்ட ஆர்பிஎம்மில் இன்ஜினைப் பிடித்து நிறுத்தி, 2 டிகிரி 2 டிகிரியாக அட்வான்ஸ் கூட்டி, அதாவது ஸ்பார்க்கை முன்னால் தள்ளிப் பார்த்தால் டார்க் (முறுக்கு விசை) ஏறிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நின்றுவிடும். அதற்கு மேல் கூட்டினால் லாபம் எதுவும் கிடையாது, ஆபத்து மட்டும் கூடும்.

காதுக்குப் பழைய முறை ஒன்று வைத்திருக்கிறேன். ஒரு செப்புக் குழாயின் நுனியைத் தட்டித் தட்டையாக்கி, ஓட்டை போட்டு, சிலிண்டர் பிளாக்கில் உள்ள ஒரு போல்ட்டோடு சேர்த்து இறுக்கி, மறுமுனையில் நீளமான ரப்பர் குழாய் மாட்டி அதைக் காதுக் கவசத்துக்குள் விடுவது. 83 மில்லிமீட்டர் போருக்கு நாக்கிங் அதிர்வு கிட்டத்தட்ட 6.9 கிலோஹெர்ட்ஸில் வரும். இன்ஜினின் உறுமலுக்கு மேலே தனியாக, டிக் டிக் என்று கூர்மையாகக் கேட்கும். ஒரு தடவை கேட்டவர்களுக்கு மறக்காது.

முழு மிதிப்பில் 2000 ஆர்பிஎம்முக்கு 20, 3000-க்கு 25, 4000-க்கு 28, 6000-க்கு 30 என்று முடித்தேன். லேசான மிதிப்பில் நிதானமாகப் போகும் கட்டங்களில் 36, ஸ்டார்ட் பண்ணும்போது 8, ஐட்லிங்கில் 14. ஐட்லிங்கில் மேனிஃபோல்ட் அழுத்தம் 36 கிலோபாஸ்கல் காட்டியது. அந்த எண் பின்னால் உதவியது. கோப்பைச் சேமித்து, லேப்டாப்போடு வண்டியைக் கொடுத்தேன். வண்டி நன்றாக இழுத்தது.

மூன்றாம் மாதத்திலிருந்து

நடந்ததை நாள்வாரியாக என்னால் சொல்ல முடிவதற்குக் காரணம், உரிமையாளர் ஒவ்வொரு மாற்றத்தையும் தேதியோடு சேமித்து வைத்திருந்ததுதான். ஓட்டிய பதிவுகளும் இருந்தன.

மூன்றாம் மாதத்தில் பிக்கப் மந்தமாகிவிட்டதாக அவருக்குத் தோன்றியிருக்கிறது. டைமிங் சந்தேகம் வந்ததும் அவர் செய்தது பாராட்ட வேண்டிய காரியம்: 10-இல் பூட்டி, லைட் பிடித்துப் பார்த்தார். 10 காட்டியது. சரி, டைமிங் சரியாகத்தான் இருக்கிறது, அட்டவணைதான் கொஞ்சம் கம்மி போல என்று நினைத்து, முழு அட்டவணையையும் தேர்வு செய்து 2 டிகிரி கூட்டினார். வண்டி உடனே உயிர் பெற்றது. நாலாம் மாதம் அதே மந்தம், மறுபடி லைட், மறுபடி 10, மறுபடி 2 டிகிரி. ஆறாம் மாதம் 3. ஏழாம் மாதம் 2. இடையில் சூடான இன்ஜின் ஸ்டார்ட் ஆகச் சிரமப்பட்டதால் ஸ்டார்ட்டிங் டைமிங்கையும் 8-லிருந்து 16 ஆக்கியிருந்தார்.

மொத்தம் 9 டிகிரி. ஒவ்வொரு படியிலும் வண்டி நிஜமாகவே நன்றாக ஓடியது, நாக்கிங் சத்தம் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை என்கிறார், பதிவுகளைப் பார்த்தால் அதை நம்பாமல் இருக்கக் காரணமும் இல்லை. அவர் கண்ணை மூடிக்கொண்டு கூட்டவில்லை என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் இதைக் கேட்ட இரண்டு மூன்று பேர் எடுத்த எடுப்பில் அவரைத்தான் குறை சொன்னார்கள்.

புல்லி மாற்றிய வாரம்

எட்டாம் மாதத்தில் பெல்ட் கீச்சிட ஆரம்பித்தது. இன்னொரு பட்டறையில் காட்டியிருக்கிறார். அங்கிருந்த மெக்கானிக் பெல்ட்டைக் கழற்றி, இன்ஜினை ஓடவிட்டுப் பார்த்தபோது புல்லியின் வெளி வளையம் ஆடுவது தெரிந்தது. ரப்பர் வெடித்திருந்தது. புதுப் புல்லி வாங்கி, பல் சக்கரத்தைப் பழைய புல்லியிலிருந்து எடுத்து, டைமிங் குறிக்கும் பல் சக்கரத்துக்கும் நடுவே இருந்த அதே உறவில் புதியதில் கவனமாக மாட்டினார். லைட் பிடித்தும் பார்த்தார். 10-க்கு 10. அவர் செய்ய வேண்டியதை எல்லாம் செய்தார் என்றுதான் சொல்வேன்.

அன்று மாலை உரிமையாளர் வண்டியை எடுக்கும்போது ஸ்டார்ட்டர் ஒரு நொடி திணறிப் பின்னுக்கு உதைத்தது. இரண்டாவது முறை பிடித்துக்கொண்டது. ஐட்லிங் முன்பைவிட 250 ஆர்பிஎம் அதிகம். இவை இரண்டும் முதல் அறிகுறிகள், ஆனால் அப்போது அப்படிப் படவில்லை; புதுப் புல்லி போட்டதும் இன்ஜின் லேசாகிவிட்டது என்று அவருக்குச் சந்தோஷம். மேட்டில் மூன்றாவது கியரில் 2500 ஆர்பிஎம்மில் முழுசாக மிதித்தபோது டின் டப்பாவில் சரளைக்கல்லைப் போட்டுக் குலுக்கிய மாதிரி சத்தம். உடனே காலை எடுத்துவிட்டார். அதற்குப் பிறகு நெடுஞ்சாலையில் 4500-க்கு மேல் கொஞ்ச தூரம் ஓட்டியிருக்கிறார். அந்த வேகத்தில் காற்றும் டயரும் போடும் இரைச்சலில் நாக்கிங் காரின் உள்ளே கேட்காது. 20 நிமிடத்தில் வண்டி மிஸ் அடிக்க ஆரம்பித்து, பின்னால் நீலப் புகை.

ஓரங்கட்டி நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டார். "அண்ணா, லைட்ல பத்துதான் காட்டுது" என்பதுதான் அவர் சொன்ன முதல் வாக்கியம்.

பிரித்துப் பார்த்தபோது

ஓட்டாமல் ஏற்றிக் கொண்டுவரச் சொன்னேன். முதலில் நாலு பிளக்கையும் கழற்றி வரிசையாக வைத்தேன். மூன்றாம் சிலிண்டர் பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் மிளகில் பாதிகூட இல்லாத கறுப்புப் புள்ளிகள், அவற்றுக்கு நடுவே உருண்டையாக மினுமினுக்கும் துகள்கள். லென்ஸ் வைத்துப் பார்த்தால் வெள்ளி மணிகள் மாதிரி இருக்கும். அது அலுமினியம், பிஸ்டனிலிருந்து உருகிப் பிய்ந்து வந்து ஒட்டியது. மற்ற மூன்று பிளக்கிலும் புள்ளிகள் கொஞ்சம் இருந்தன, மணிகள் இல்லை.

கம்ப்ரஷன்: 12.3, 12.2, 8.9, 12.1 பார். மூன்றாவதில் லீக்டவுன் சோதனை (சிலிண்டருக்குள் காற்றை ஏற்றிக் கசிவை அளப்பது) 34 சதவீதம், காற்று ஆயில் குச்சிக் குழாய் வழியே உஸ்ஸென்று வந்தது, அதாவது வால்வு பரவாயில்லை, ரிங் பக்கம் போய்விட்டது. பிளக் ஓட்டை வழியே கேமரா விட்டுப் பார்த்தபோது பிஸ்டனின் ஓரம் மணல் அடித்த மாதிரி சொரசொரப்பாக இருந்தது.

கடைசி ஓட்டத்தின் பதிவைத் திறந்தேன். காற்று-எரிபொருள் விகிதம் முழு மிதிப்பில் 12.7-க்கு 1, குறை சொல்ல எதுவும் இல்லை. டைமிங் 4000 ஆர்பிஎம்மில் 37. என் கோப்பில் அதே கட்டத்தில் 28.

ஒரு கேள்வியும் பிஸ்டன் ஸ்டாப்பும்

இங்கே வேலையை முடித்திருக்கலாம். 9 டிகிரி அதிகம், நாக்கிங், பிஸ்டன் போனது, பழைய அட்டவணையைப் போடு, அவ்வளவுதான். ஆனால் எனக்கு ஒரு விஷயம் இடித்தது. ஏழாம் மாதமே 37 வந்துவிட்டதே, புல்லி மாற்றும் வரை இந்த இன்ஜின் அதை எப்படித் தாங்கியது? 4000-இல் முழு மிதிப்பில் 28-க்கு மேல் டார்க் ஏறாது என்று டைனோவில் நானே பார்த்த இன்ஜின் அது. 37-இல் வாரக்கணக்கில் சத்தமில்லாமல் ஓட வாய்ப்பே இல்லை. அப்படியானால் மென்பொருளில் 37 இருந்த அந்த நாட்களில் ஸ்பார்க் 37-இல் விழவில்லை.

பழைய பதிவுகளில் ஐட்லிங் அழுத்தத்தை மட்டும் தேதிவாரியாக எடுத்துப் பார்த்தேன். முதல் மாதம் 36 கிலோபாஸ்கல். மூன்றாம் மாதம் டைமிங் கூட்டுவதற்கு முன் 40. கூட்டியதும் 37. அடுத்த மாதம் மறுபடி 40, மறுபடி இறக்கம். ரம்பப் பல் மாதிரி ஏறி இறங்கியது. ஸ்பார்க் தாமதமாக விழுந்தால் அதே ஐட்லிங் வேகத்தைப் பிடிக்க இன்ஜினுக்கு அதிகக் காற்று வேண்டும், அப்போது மேனிஃபோல்ட் அழுத்தம் ஏறும். இந்த எண் புல்லியையும் குறியையும் கேட்டுவிட்டு வருவதில்லை. இன்ஜினே சொல்வது. அதன்படி டைமிங் மெதுவாகப் பின்னுக்குப் போய்க்கொண்டே இருந்தது, அவர் துரத்திக்கொண்டே இருந்தார். போதாததற்குப் பதிவில் இரண்டு மூன்று இடங்களில் இசியூ பல் கணக்கைத் தவறவிட்டிருந்தது, ஆடும் சக்கரம் சென்சாரைவிட்டு விலகி நெருங்கியதால் இருக்க வேண்டும்.

பழைய புல்லி, அதை மாற்றிய பட்டறையின் இரும்புக் குவியலில் இன்னும் கிடந்தது. எடுத்துவரச் சொன்னேன்.

பேட்டரி வயரைக் கழற்றினேன், பிளக்குகள் ஏற்கெனவே வெளியே. பழைய பிளக் ஒன்றின் உட்பகுதியைத் தட்டி எடுத்துவிட்டு, நடுவில் போல்ட் இறக்கிச் செய்த பிஸ்டன் ஸ்டாப் ஒன்று என்னிடம் உண்டு. அதை ஒன்றாம் சிலிண்டரில் திருகிவிட்டு, கிராங்க் போல்ட்டில் நீளமான ஸ்பேனர் போட்டுக் கையால் மெல்லத் திருப்ப வேண்டும். ஸ்டார்ட்டரை இதற்குத் தொடவே கூடாது, பிஸ்டனில் ஓட்டை விழும். பிஸ்டன் வந்து ஸ்டாப்பில் மெத்தென்று முட்டும் இடத்தில், இன்ஜினில் அசையாமல் நிற்கும் டைமிங் முள்ளுக்கு நேராகப் புல்லியில் ஒரு கோடு, எதிர்ப்பக்கம் திருப்பி மறுபடி முட்டும் இடத்தில் இன்னொரு கோடு. இரண்டுக்கும் சரிபாதிதான் நிஜமான டிடிசி. ஊகமே கிடையாது.

புதுப் புல்லியில் அந்தப் பாதிப் புள்ளி தொழிற்சாலைக் குறிக்கு அரை டிகிரிக்குள் இருந்தது. பிறகு பழைய புல்லியை மாட்டி அதையே செய்தேன். புல்லியின் விட்டம் 150 மில்லிமீட்டர், சுற்றளவு 471, ஆக ஒரு டிகிரிக்கு 1.3 மில்லிமீட்டர். பாதிப் புள்ளிக்கும் குறிக்கும் நடுவே டேப் வைத்து அளந்தால் 12 மில்லிமீட்டர். 9 டிகிரிக்குச் சற்று மேல். நிஜமான டிடிசியில் நிறுத்தினால் குறி இன்னும் முள்ளுக்கு வந்து சேரவில்லை.

உரிமையாளர் பக்கத்தில் நின்று அந்தக் கோட்டையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெல்ட்டின் இழுப்பில் வெளி வளையம் ரப்பரில் வழுக்கி, சுழற்சிக்கு எதிர்ப்பக்கமாக மாதக்கணக்கில் நகர்ந்திருக்கிறது. அந்த வளையத்தில்தான் டைமிங் குறி, அதே வளையத்தில்தான் பல் சக்கரம். இரண்டும் சேர்ந்தே நகர்ந்ததால் இசியூ நினைத்த 10-ம் லைட்டில் தெரிந்த 10-ம் எப்போதும் ஒத்துப்போயின. நிஜ பிஸ்டனுக்கு அது 1 டிகிரிதான். அவர் கூட்டிய 9 அந்த வழுக்கலைச் சரியாக ஈடுகட்டியது. புதுப் புல்லி வந்ததும் வழுக்கல் ஒரே நாளில் சைபரானது, கூட்டிய 9 மட்டும் அட்டவணையில் அப்படியே நின்றது.

எடுத்த முடிவுகள்

பழைய அட்டவணையை ஏற்றி, ஆயில் மாற்றி, கொஞ்ச நாள் ஓட்டிப் பார்க்கலாமா என்று உரிமையாளர் கேட்டார். அவரது வருத்தம் புரிந்தது. ஆனால் 34 சதவீதக் கசிவு ரிங் தேய்மானத்தில் ஒரே நாளில் வராது. ரிங் உட்காரும் மேடு உடைந்திருக்க வாய்ப்பு அதிகம், உடைந்த துண்டு மேலும் கீழும் போய் சிலிண்டர் சுவரைக் கீறினால் ஒரு பிஸ்டனோடு முடிய வேண்டியது பிளாக் வரைக்கும் போய்விடும். ஸ்டார்ட்கூடப் பண்ண வேண்டாம் என்றேன். ஒத்துக்கொண்டார்.

பிரித்ததில் மூன்றாம் பிஸ்டனில் முதல் ரிங்குக்கும் இரண்டாவதுக்கும் நடுவே உள்ள மேடு விரல் நீளத்துக்கு உடைந்து, துண்டு ரிங்கோடு சிக்கி நின்றது. சுவரில் நகத்தில் தட்டுப்படாத அளவுக்கு லேசான கோடுகள், சுவரை லேசாகத் தேய்த்துச் சீராக்கும் ஹோனிங்கில் போய்விட்டன. அதே சிலிண்டரின் கனெக்டிங் ராடு பேரிங் மேல்பாதி அடிபட்டுப் பளபளத்தது. மற்ற மூன்று பிஸ்டன்களும் அளவில் சரியாக இருந்ததால் ஒன்று மட்டும் எடை பார்த்து மாற்றி, ரிங்கும் ராடு பேரிங்கும் நாலுக்கும் புதிதாகப் போட்டோம்.

அடுத்து பல் சக்கரம். அதை வளையத்தில் திரும்பவும் மாட்ட நான் சம்மதிக்கவில்லை. புதுப் புல்லி நன்றாக இருக்கிறதே என்று ஒரு வாதம் வந்தது, நியாயம்தான், ஆனால் ரப்பர் என்றைக்காவது வயதாகும், அன்றைக்கு யாருக்கும் இந்தக் கதை நினைவிருக்காது. சாவி போட்டு உட்காரும் நடுப்பகுதியில் சக்கரத்தை மாட்டும்படி ஒரு தட்டு கடைந்து, இரண்டு பின் அடித்துப் பொருத்தினோம். சென்சார் இடைவெளி 0.8 மில்லிமீட்டர்.

மறுபடி டைமிங் வைத்தது

இந்தத் தடவை லேப்டாப்பைத் திறப்பதற்கு முன்பே பிஸ்டன் ஸ்டாப் போட்டு டிடிசி கண்டுபிடித்து, நடுப்பகுதியிலேயே புதுக் குறி கீறினேன். அப்புறம்தான் 10-இல் பூட்டி, லைட் பிடித்து, டூத் 1 ஆங்கிள் வைத்தது. ஆர்பிஎம் ஏற்றிப் பார்த்தபோது 4000-இல் குறி 1 டிகிரி தாமதம் காட்டியது. அந்த வேகத்தில் கிராங்க் ஒரு மில்லி விநாடிக்கு 24 டிகிரி சுற்றும், ஆக 1 டிகிரி என்பது சுமார் 42 மைக்ரோ விநாடி. மின்சுற்றின் தாமதத்தை ஈடுகட்டும் ஹார்டுவேர் லேட்டன்சி அமைப்பில் அதைக் கொடுத்ததும் 1000 முதல் 4000 வரை குறி அசையாமல் நின்றது.

என் முதல் அட்டவணையை ஏற்றி, ரிங் செட் ஆன பிறகு டைனோவில் மறுபடி பார்த்தோம். 4000-இல் 26 வைத்தேன், 28 வைத்தேன், 30 வைத்தேன். 28-லேயே டார்க் நின்றது, செப்புக் குழாயில் 30-இல் முதல் டிக் கேட்டது. நின்ற இடத்திலேயே விடாமல் முழு மிதிப்புக் கட்டங்களில் ஒன்றரை டிகிரி குறைத்தேன். உள்ளே வரும் காற்று 45 செல்சியஸுக்கு மேல் போனால் இன்னும் குறையும்படி திருத்த அட்டவணையும் போட்டேன். ஸ்டார்ட்டிங் டைமிங் மறுபடி 8. பொத்தானைத் தொட்டதும் பிடித்துக்கொண்டது.

இப்போது மாற்றிச் செய்வது

தப்பின் முதல் பங்கு என்னுடையது. ரப்பர் போட்ட வளையத்தில் சக்கரம் இருப்பதைப் பார்த்த அன்றே நான் நிறுத்தியிருக்க வேண்டும். டைமிங் லைட் குறியோடுதான் ஒப்பிடுகிறது, பிஸ்டனோடு ஒப்பிடுவதில்லை என்பதை வண்டியைக் கொடுக்கும்போது உரிமையாளருக்குச் சொல்லவும் இல்லை. சொல்லியிருந்தால் இரண்டாவது தடவை கூட்டும்போதாவது யோசித்திருப்பார் என்று நினைக்கிறேன், அவ்வளவு கவனமான ஆள்.

இப்போது என்னிடம் வரும் ஒவ்வொரு வண்டிக்கும் பிஸ்டன் ஸ்டாப் போடாமல் டியூனிங் ஆரம்பிப்பதில்லை. அரை மணி நேரம் கூடுதலாகும், ஆகட்டும். ரப்பர் புல்லி என்றால் நடுப்பகுதி, ரப்பர், வளையம் மூன்றையும் தாண்டி வெள்ளைப் பெயின்ட்டில் ஒரே நேர்க்கோடு போட்டு விடுகிறேன். வளையம் நகர்ந்தால் கோடு உடையும், டார்ச் அடித்துப் பார்த்தாலே தெரியும், கருவி எதுவும் வேண்டாம். வண்டியைக் கொடுக்கும்போது கோப்போடு ஒரு தாளும் போகிறது: சூடான ஐட்லிங்கில் மேனிஃபோல்ட் அழுத்தம் எவ்வளவு, முழு மிதிப்பில் டார்க் நின்ற டிகிரி எவ்வளவு, அதைத் தாண்டக் கூடாது என்று. முன்பு நன்றாக ஓடிய இன்ஜின் திடீரென்று அதிக டிகிரி கேட்கிறது என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கிறது, அதைக் கண்டுபிடிக்கும் வரை அட்டவணையைத் தொடாதீர்கள் என்றும் எழுதியிருக்கிறேன்.

புல்லி, டைமிங் பெல்ட், சென்சார், ஃப்ளைவீல் எதை மாற்றினாலும் முதல் ஓட்டத்துக்கு முன் முழு அட்டவணையிலும் 5 டிகிரி குறைத்துவிட்டு எடுங்கள் என்று அந்த இன்னொரு பட்டறை மெக்கானிக்கோடும் பேசினேன். அவர் கேட்டது நல்ல கேள்வி: வண்டியில் யாரோ டியூன் பண்ணியிருக்கிறார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? அதனால் இப்போது ரேடியேட்டர் மேல் பட்டியில் ஒரு சிறிய தகடு ஒட்டுகிறேன். டைமிங் அட்டவணை கணினியில் உள்ளது, கிராங்க் பக்கம் வேலை செய்தால் உரிமையாளரைக் கேளுங்கள் என்று இரண்டு வரி.

இன்றைய நிலை

வண்டி ஓட ஆரம்பித்து பத்து மாதம் ஆகிறது. ஒவ்வொரு ஆயில் மாற்றத்தின்போதும் உரிமையாளர் புல்லியின் கோட்டைப் படம் எடுத்து அனுப்புகிறார், கூடவே ஐட்லிங் பதிவையும். கோடு நேராக இருக்கிறது. போன வாரம் வந்த பதிவில் அழுத்தம் 36. மூன்றாம் சிலிண்டரின் கம்ப்ரஷன் 12.2 பார்.